எல்க்ஸ் சங்கக் கூடமும் அதற்குப் பின்னால் நடக்கும் பணியும்: ஒரு மதிப்புரை

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழர்களில் பலர் எல்க்ஸ் என்னும் அறப்பணிச் சங்கத்தின் கூடம் ஒன்றுக்குள் ஒருமுறையாவது நுழைந்திருப்பார்கள்; அது யாருடைய கூடம் என்று கேட்டறிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். பொங்கல் விழா, வளைகாப்பு, நாட்டியப் பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சி, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றுக்காக வாடகைக்கு எடுக்கிறோம். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுகிறோம், நாற்காலிகளை வரிசையாகப் போடுகிறோம், நிகழ்ச்சி முடிந்ததும் தரையைத் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். நானும் ஏழெட்டு ஆண்டுகள் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து ஓர் ஆண்டு கணக்கைத் தீர்க்கச் சென்றபோது, அலுவலக மேசைமீது ஊதா நிறத்தில் பன்றி வடிவ உண்டியல் ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். கலிபோர்னியா, ஹவாய் மாநிலங்களின் எல்க்ஸ் உறுப்பினர்கள் அந்த உண்டியலைத் தங்கள் வீடுகளில் வைத்திருக்கிறார்கள் என்றும், அதில் சேரும் சில்லறை, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வீட்டுக்கே சென்று கட்டணமின்றிச் சிகிச்சைப் பயிற்சி அளிக்கும் பணிக்குப் போகிறது என்றும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முதியவர் விளக்கினார். நாங்கள் தரும் வாடகையும் அதற்கா என்று கேட்டதற்கு, "வாடகை கட்டடத்தைக் காப்பாற்றுகிறது, கட்டடம் இருப்பதால் மற்ற வேலை நடக்கிறது" என்று அவர் சொன்ன நேர்மையான பதில் எனக்குப் பிடித்திருந்தது. அன்று தொடங்கிய பழக்கத்தில் இந்தச் சங்கத்தின் பணிகளை, குறிப்பாக மாணவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அது செய்வனவற்றை, அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்த மதிப்புரை அதிலிருந்து பிறந்தது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். இந்தக் கூடத்தை ஆங்கிலத்தில் 'எல்க்ஸ் லாட்ஜ்' என்பார்கள். 'லாட்ஜ்' என்றால் நம் ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள தங்கும் விடுதி. இங்கே அது ஒரு சங்கத்தின் உள்ளூர்க் கிளையையும் அக்கிளையின் கட்டடத்தையும் குறிக்கும். 'எல்க்' என்பது பெரிய கிளைக்கொம்புகளை உடைய வட அமெரிக்க மான். இச்சங்கம் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று நியூயார்க் நகரில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த பாடகர் சார்லஸ் விவியனும் அவருடைய நாடக மேடை நண்பர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகள் அடைக்கப்பட்டதால் தனியிடத்தில் கூடிப் பொழுதுபோக்கிவந்தார்கள். அவர்களில் ஒருவர் 1867ஆம் ஆண்டின் இறுதியில் இறந்துபோனார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் ஆதரவின்றி நின்றார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமே பொழுதுபோக்குக் கூட்டத்தை அறப்பணிச் சங்கமாக மாற்றியது. இன்று அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண் உண்டு, தனிக் கணக்கு உண்டு, தன் ஊருக்கு எது தேவை என்று முடிவெடுக்கும் உரிமையும் பெரிதும் உண்டு. ஆகவே நான் இங்கே எழுதுவதில் கல்வி உதவித்தொகை போன்ற தேசிய அளவிலான திட்டங்கள் எல்லா ஊருக்கும் பொருந்தும்; மற்றவை கிளைக்குக் கிளை மாறும்.

முன்னாள் படைவீரர்களுக்கான பணியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த பகுதி அதுவே. அமெரிக்க அரசு ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஓர் இரவில் வீடற்றவர்களை எண்ணுகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்களுள் 32,882 பேர் படையில் பணியாற்றி வந்தவர்கள். 2010ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 74,000க்கும் மேல் இருந்தது. குறைவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, வீட்டு வசதித் துறையும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் சேர்ந்து வழங்கும் வாடகை உதவிச் சீட்டு. இதைப் பெறுபவர் தம் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகச் செலுத்தினால், எஞ்சியதை அரசு வீட்டுக்காரருக்குத் தருகிறது. கூடவே ஒரு சமூகப் பணியாளர் அவருடைய மருத்துவம், மனநலம், வேலை ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறார்.

நல்ல திட்டம்தான். ஆனால் அந்தச் சீட்டு வீட்டின் சாவியை மட்டுமே தரும். பல ஆண்டுகள் காரிலோ பாலத்தின் அடியிலோ படுத்திருந்த ஒருவர் சாவியோடு உள்ளே நுழையும்போது, அந்த அறையில் நான்கு சுவர்களும் ஒரு அடுப்பும் மட்டுமே இருக்கும். படுக்கை இருக்காது, பாத்திரம் இருக்காது, துண்டும் துடைப்பமும் இருக்காது. வெறுந்தரையில் படுத்தே இரவுகளைக் கழிக்க வேண்டியிருந்தால், வெளியே பழகிய இடத்துக்கும் பழகிய மனிதர்களுக்குமே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் ஒருவருக்கு எழுவதில் வியப்பில்லை. எல்க்ஸ் சங்கம் கைவைத்தது இந்த இடைவெளியில். 2015ஆம் ஆண்டில், முன்னாள் படைவீரர்களின் வீடற்ற நிலையைப் போக்கும் பணிக்காகக் குறைந்தது 40 லட்சம் டாலர் செலவிடுவதாகச் சங்கம் உறுதியளித்தது. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக, புதிதாக வீடு பெறும் முன்னாள் படைவீரருக்கு அன்றாட வாழ்க்கைக்கான பொருள்களைக் கிளை உறுப்பினர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த வேலைக்குக் கைகொடுக்க என்னையும் அழைத்தார்கள். உறுப்பினராக இல்லாதவர்களும் பெட்டி தூக்கலாம் என்றார்கள். நான் எதிர்பார்த்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரியாகக் கட்டி வைத்த பொட்டலங்கள். நடந்தது வேறு. சமூகப் பணியாளரின் மூலம் அந்த மனிதரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்ற பட்டியல் ஒன்று குழுவின் பொறுப்பாளர் கையில் இருந்தது. முதல் வரியில் டப்பா திறக்கும் கருவி. எனக்கு அதன் காரணம் விளங்கவில்லை. உணவு வங்கிகளில் கிடைப்பதில் பெரும்பகுதி டப்பாவில் அடைத்த பீன்ஸ், மீன், சூப் ஆகியவைதான் என்றும், திறக்கும் கருவி இல்லாமல் அவற்றைக் கத்தியால் குத்தித் திறக்கப் போய்க் கையை அறுத்துக்கொண்டவர்கள் உண்டு என்றும் பொறுப்பாளர் சொன்னார். இரண்டாவது வரியில், தரையோடு தரையாக இல்லாத, முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்கத் தோதான உயரமுள்ள கட்டில். அதன் பிறகு குளியல் துண்டுகள், தலையணை, ஒரு வாணலி, ஒரு பாத்திரம், இரண்டு தட்டுகள், காபி போடும் கருவி. தட்டு ஏன் இரண்டு என்று கேட்டேன். எப்போதாவது ஒருவர் வந்தால் உட்கார வைத்துச் சாப்பாடு போடத்தான் என்றார்.

அந்த வீட்டில் நாங்கள் இருந்தது முக்கால் மணி நேரம். யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார்கள். கட்டிலின் கால்களைப் பொருத்திய உறுப்பினர் வியட்நாம் போரில் பணியாற்றியவர். அவரும் வீட்டைப் பெற்றவரும் எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று இரண்டு வாக்கியம் பேசிக்கொண்டார்கள். பிறகு திருகாணியைப் பற்றியும், தெருமுனைக் கடையில் எது மலிவு என்பதைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது வீட்டைப் பெற்ற அந்த முதியவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். நம் வீடுகளில் விருந்தினரை அனுப்புவதைப் போலவே இருந்தது. அவர் அன்று பெற்றவற்றில் கட்டிலைவிட, வாசலில் நின்று வழியனுப்பும் நிலைக்கு வந்ததுதான் பெரிது என்று எனக்குத் தோன்றியது. இதைச் செய்துமுடிக்கப் பணம் மட்டும் போதாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையும், சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டும்.

இந்தப் பழக்கம் திடீரென்று வந்ததன்று. முதல் உலகப் போரின்போது, காயமுற்றுத் திரும்பும் வீரர்களுக்காக 1918ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் 700 படுக்கைகள் கொண்ட மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றை எல்க்ஸ் சங்கம் கட்டிப் போர்த்துறைக்கு வழங்கியது. முன்னாள் படைவீரர்களுக்கான தனி மருத்துவமனை வலையமைப்பு ஏற்படுவதற்கு முந்தைய காலம் அது. போரில் பணியாற்றிய உறுப்பினர்களின் நினைவாக 1926ஆம் ஆண்டு சிகாகோவில் லிங்கன் பூங்காவுக்கு எதிரே எழுப்பிய குவிமாட மண்டபம் இன்றும் உள்ளது. முகப்பில் இரண்டு வெண்கல மான்கள் படுத்திருக்கின்றன. கட்டடக் கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் சிகாகோ செல்லும்போது அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் பளிங்கு மண்டபத்தைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது தோல் திட்டம். மான் வேட்டையாடும் வழக்கம் உள்ள மாநிலங்களில், வேட்டைக்காரர்கள் தூக்கி எறிந்துவிடக்கூடிய தோல்களைக் கிளைகள் கேட்டு வாங்குகின்றன. உப்பிட்டுப் பாதுகாத்து, பதனிட அனுப்புகின்றன. அந்தத் தோலிலிருந்து சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் படைவீரர்களுக்குக் கையுறைகள் தைக்கப்படுகின்றன. நாளெல்லாம் சக்கரத்தைத் தள்ளும் உள்ளங்கை எவ்வளவு தேயும் என்பதை யாரோ ஒருவர் கவனித்ததால்தான் இப்படி ஒரு திட்டம் பிறந்திருக்க முடியும். எஞ்சிய தோல், மருத்துவமனைகளில் நீண்டநாள் தங்கியிருப்பவர்கள் பணப்பையும் இடைவாரும் செய்து கைப்பழக்கத்தையும் மனத்தெம்பையும் மீட்டுக்கொள்ளக் கைவினைப் பொருளாகப் போகிறது.

மாணவர்களுக்கான பணிக்கு வருகிறேன். தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "கல்வி உதவித்தொகை தருகிறார்களாமே, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா?" இல்லை. சங்கத்தின் அறநிதியான எல்க்ஸ் தேசிய அறக்கட்டளை 1928ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் முதன்மைத் திட்டம் ஆண்டுக்கு 500 மாணவர்களுக்கு நான்காண்டு உதவித்தொகை அளிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும், அமெரிக்கக் குடியுரிமை உள்ள எந்த மாணவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். சங்கத்தோடு எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தனித் திட்டம் ஒன்றும், இறந்துபோன அல்லது முற்றிலும் செயலிழந்த உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அவசர உதவித் திட்டம் ஒன்றும் வேறாக உள்ளன. 1867இல் ஆதரவின்றி நின்ற அந்தக் குடும்பத்தின் நினைவு இந்தக் கடைசித் திட்டத்தில் இன்னும் உயிரோடு இருப்பதாக நான் எண்ணுகிறேன்.

முதன்மைத் திட்டத்தில் மதிப்பிடப்படுபவை நான்கு: படிப்பு, தலைமைப் பண்பு, பொதுப்பணி, பணத்தேவை. மாணவர்களும் மாணவியரும் தனித்தனியே போட்டியிடுகிறார்கள். விண்ணப்பம் முதலில் மாணவரின் வீட்டுக்கு அருகில் உள்ள கிளைக்குச் செல்கிறது; அங்கிருந்து மேல்நிலைகளைக் கடந்து தேசிய நிலையை அடைகிறது. தேசிய நிலையில் முதலிடங்களுக்குத் தேர்வாகும் 20 பேர் சிகாகோவுக்கு அழைக்கப்பட்டு இறுதிக்கட்டத் தேர்வில் பங்கேற்கிறார்கள்.

என் மகள் விண்ணப்பித்தபோது நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் மதிப்பெண், கணிதப் போட்டி, இசை அரங்கேற்றம் என்று சாதனைகளை அடுக்குவதில் குறைவைப்பதில்லை. ஆனால் பொதுப்பணிப் பகுதிக்கு வந்ததும், கல்லூரி விண்ணப்பத்துக்காக மணிக்கணக்குச் சேர்த்த வேலைகளே பட்டியலில் நிற்கும். உள்ளூர்க் கிளையில் விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் தாங்களே பல ஆண்டுகள் பெட்டி தூக்கியவர்கள். எது மனதோடு செய்த வேலை, எது மணிக்கணக்குக்காகச் செய்த வேலை என்று அவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். என் மகள் இரண்டு ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்துச் சீட்டுகளைப் படித்துச் சொல்லி, மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்துக்கொடுத்தாள். அதை எழுதவே அவள் முதலில் தயங்கினாள், ஏனென்றால் அதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அவளுடைய விண்ணப்பம் உள்ளூர் நிலையில் தேர்வாகி மாநில நிலையோடு நின்றுவிட்டது. கிளை தன் சொந்த நிதியிலிருந்து அளித்த சிறு தொகை அவளுடைய முதல் பருவத்துப் புத்தகங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பல கிளைகளும் மாநிலச் சங்கங்களும் இப்படித் தனியாகவும் உதவுகின்றன. விண்ணப்பிக்கும்போதே அதைப் பற்றி விசாரிப்பது நல்லது.

தொகையைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். முதல் 20 இடங்களுக்கு வெளியே உள்ள பெரும்பாலோருக்குக் கிடைப்பது நான்கு ஆண்டுகளில் மொத்தம் 4,000 டாலர், அதாவது ஆண்டுக்கு 1,000 டாலர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இம்மாநில மாணவர் ஒருவர் செலுத்தும் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல் என்பதை நினைத்தால், இந்த உதவி படிப்புச் செலவைத் தீர்க்காது. நடுத்தர வருமானக் குடும்பம் இதை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது. ஆனால் நான்கு ஆண்டுகளும் தொடரும் என்ற உறுதி இதன் மதிப்பைக் கூட்டுகிறது. முதல் ஆண்டோடு நின்றுவிடும் உதவித்தொகைகளை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கடன் தேடி அலைந்த பிள்ளைகளை நான் அறிவேன். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் தம்முடைய உதவியை அதே அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே சேரப்போகும் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் அதை எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறிய பிள்ளைகளுக்கான பணிகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 8 முதல் 13 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கான கூடைப்பந்துப் போட்டி 1972ஆம் ஆண்டிலிருந்து தேசிய அளவில் நடக்கிறது. ஓட்டமும் மோதலும் இல்லை. கோட்டில் நின்று 25 முறை பந்தை எறிய வேண்டும், எத்தனை கூடையில் விழுகிறது என்பதே கணக்கு. உயரமும் உடல்பலமும் குறைந்த பிள்ளைக்கும் இதில் நியாயமான வாய்ப்பு உண்டு. மற்றொன்று, மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு ஓர் அகராதி வழங்கும் பணி. நாடெங்கும் நடக்கும் அகராதித் திட்டம் ஒன்றோடு பல கிளைகள் இணைந்து இதைச் செய்கின்றன. கையிலுள்ள கைப்பேசியில் எல்லாச் சொல்லும் கிடைக்கும் காலத்தில் அகராதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வீட்டில் வேறு மொழி பேசும், வீட்டில் ஒரு புத்தகம்கூடச் சொந்தமாக இல்லாத பிள்ளைகள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொள்ளும் அந்தப் பிள்ளைக்கு அது திருப்பித் தர வேண்டியதில்லாத முதல் புத்தகமாக இருக்கலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, இச்சங்கத்தின் வரலாற்றில் உள்ள பெரிய களங்கத்தைச் சொல்லாமல் விட்டால் என் மதிப்புரை நேர்மையானதாகாது. 1973ஆம் ஆண்டுவரை வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி இருந்தது. பெண்களுக்கு 1995ஆம் ஆண்டில்தான் கதவு திறந்தது. நாட்டுக்காகப் போரிட்டவர்களை மறக்க மாட்டோம் என்று உறுதி பூண்ட ஒரு சங்கம், இரண்டு உலகப் போர்களிலும் உயிரைக் கொடுத்த கறுப்பின வீரர்களின் சகோதரர்களைத் தன் கூடத்தில் உறுப்பினராக அமர விடவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? புறந்தள்ளப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கறுப்பின மக்கள் 1898ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் தங்களுக்கென்று ஓர் எல்க்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். மாணவர்களுக்கான பேச்சுப் போட்டிகளையும் நடத்தினார்கள். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் ஊரில் நடந்த அப்படியொரு போட்டியில் அரசியலமைப்பும் கறுப்பின மக்களும் என்ற பொருளில் 15 வயது மாணவர் ஒருவர் பேசினார். அட்லாண்டாவுக்குத் திரும்பும் பேருந்தில், வெள்ளைப் பயணிகளுக்கு இடம் கொடுக்கும்படி அவரும் உடன்வந்த ஆசிரியையும் எழுப்பப்பட்டு, ஏறக்குறைய 90 மைல் தூரம் நின்றுகொண்டே வந்தார்கள். தம் வாழ்வில் அவ்வளவு சினம் கொண்ட நாள் வேறில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்த அந்த மாணவர், மார்ட்டின் லூதர் கிங்.

இந்த வரலாற்றை அறிந்த பிறகு சில வாரங்கள் நான் அந்தக் கூடத்துக்குப் போகவில்லை. பிறகு போனேன், ஊதா உண்டியல் இருந்த மேசையின் பின்னால் இருந்தவரிடமே இதைக் கேட்டேன். அவர் மறுக்கவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. தாம் இளைஞராக இருந்தபோது அந்த விதியால் தம்முடைய படைத்தோழர் ஒருவரை உள்ளே அழைத்து வர முடியவில்லை என்றும், அது தமக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். அன்று நான் கட்டில் கொண்டுபோன குழுவில் கறுப்பினத்தவரும் பெண்களும் இருந்தார்கள். பொறுப்பாளரே ஒரு பெண். மாறியிருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டேன். அதற்காகப் பழையதை மறந்துவிட வேண்டும் என்று யாரும் நம்மிடம் கேட்க முடியாது.

இன்றைக்கும் நீடிக்கும் இரண்டு நிபந்தனைகள் எனக்கு உடன்பாடில்லாதவை. உறுப்பினராக 21 வயதும் அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும்; கடவுள் நம்பிக்கையும் வேண்டும். பகுத்தறிவு மரபில் வளர்ந்த தமிழர்களுக்குக் கடவுள் நம்பிக்கை என்ற நிபந்தனை கதவை அடைத்துவிடும். முதுகு நிமிர்ந்து உண்மையைச் சொல்பவர்கள் அங்கே பொய்க் கையெழுத்துப் போட மாட்டார்கள். குடியுரிமை நிபந்தனை அதைவிட வருத்தம் தருவது, ஏனென்றால் அது உதவித்தொகைக்கும் பொருந்துகிறது. மூன்று வயதில் பெற்றோரின் பணி விசாவோடு இங்கே வந்து, இங்கேயே எல்லா வகுப்பும் படித்து, பச்சை அட்டைக்கான வரிசையில் குடும்பம் காத்திருக்கும்போதே பதினெட்டு வயதை எட்டும் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே முடியாது. பொதுப்பணியையும் பணத்தேவையையும் அளக்கும் ஒரு திட்டம், பிள்ளை எந்தத் தாளை வைத்திருக்கிறது என்று பார்க்காமல் இருந்தால் அதன் நோக்கத்துக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். இதைக் கிளைக் கூட்டத்தில் பேச விரும்பும் உறுப்பினர்கள் உண்டு. நம்மில் குடியுரிமை பெற்றவர்கள் உறுப்பினராகி அந்தக் குரலுக்கு வலுச் சேர்க்கலாம்.

உறுப்பினராவதற்கு ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரின் பரிந்துரை வேண்டும். பிறகு கிளை வாக்களித்து ஏற்கும். ஆண்டுச் சந்தா கிளைக்குக் கிளை மாறுபடும். வரிக் கணக்கில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிளைக்குச் செலுத்தும் சந்தா அறக்கொடையாகக் கணக்கிடப்படாது. எல்க்ஸ் தேசிய அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடை வரிவிலக்குக்கு உரியது. மாத இறுதியில் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டுப் பேச ஓர் இடம் வேண்டும் என்பவர்களுக்கும் கிளைகள் ஏற்றவை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல், பிங்கோ என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். பல கூடங்களில் இரவு 11 மணிக்கு, அங்கே இல்லாத உறுப்பினர்களையும் மறைந்தவர்களையும் நினைத்து ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாக நிற்பார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது, இசையும் பேச்சும் சட்டென்று நின்றதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது நானும் என் தந்தையை நினைத்துக்கொள்கிறேன்.

கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் எடுக்கும் கூடம் 200 பேர் பந்தியில் அமரத் தாராளமானது, வண்டி நிறுத்த இடம் உண்டு, வெளியிலிருந்து சமைத்துக் கொண்டுவர அனுமதி உண்டு. காப்பீட்டுச் சான்று கேட்பார்கள்; மது வேண்டுமென்றால் அவர்களுடைய மதுக்கூடத்தின் வழியாகத்தான் பெற வேண்டும். வாரக் கடைசி நாள்களுக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை உள்ள குடும்பங்கள் கோடை விடுமுறையின் இறுதியிலேயே அறக்கட்டளையின் இணையதளத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும். விண்ணப்பக் காலம் ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடுகிறது, கட்டுரை எழுதவும் வருமான விவரங்களைச் சேர்க்கவும் நாள் பிடிக்கும்.

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியது. விழாவுக்கு வரும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் புதிதாக வீடு பெறும் முன்னாள் படைவீரருக்காக ஒரு சமையலறைப் பொருளைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். ஆறு பெட்டிகள் நிறைந்தன. கிளையின் பொறுப்பாளர் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு குடும்பம் ஆசையோடு கொடுத்திருந்த புத்தம்புதிய பிரஷர் குக்கரை மட்டும் தனியே எடுத்து வைத்தார். விசில் வரும் குக்கரில் சமைத்துப் பழகாதவர்கள் அதைத் தவறாகத் திறந்தால் வெந்துபோவார்கள் என்றும், திடீரென்று எழும் சத்தம் போர்க்களத்திலிருந்து வந்த சிலருக்குத் தாங்காது என்றும் மெதுவாகச் சொல்லி, கொடுத்தவர் மனம் நோகாமல் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு என்ன கொண்டுவரட்டும் என்று அந்த அம்மா கேட்டார். மூடியுள்ள சாதாரணப் பாத்திரம், முடிந்தால் ஒரு டப்பா திறக்கும் கருவி என்றார் பொறுப்பாளர். மறுநாள் காலையில் இரண்டும் கூடத்தின் வாசலில் இருந்தன.